வீட்டுக்கு ஒரு சீட்டு

ஜீப்பில் வந்திறங்கிய பட்டாளத்து அதிகாரி, கொட்டகையில் படுத்திருந்த செவலைக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பெரியநாயகிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? வீட்டுக்காரி வாசலிலேயே நிற்கிறாள், அவளுக்கு ஒரு வணக்கம் கிடையாது. கருவாட்டுக் கூடைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கும் பறவைநாகத்துக்கு மரியாதையைப் பாருங்கள்!

எல்லாம் அதிகாரியின் கையில் இருந்த அந்தப் பழைய சீட்டு செய்கிற வேலை.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுக் கிளம்பியபோது வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தான். ஓர் உயிர், அது மனிதனோ மிருகமோ, பிரான்சு தேசத்துப் பிரஜையாகவே இருந்துகொள்ளலாம். இந்தியா எந்தச் சண்டைக்கும் அந்த உயிரைத் தொட முடியாது.

நெடுங்காட்டில் எல்லோரும் பெற்ற பிள்ளைக்கு எழுதி வாங்கினார்கள். அவள் புருஷன் குஞ்சிதபாதம் மட்டும் செவலையின் பேரை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றைக்குச் சோமசேகரனுக்கு வயது பதினொன்று. ஒரே பிள்ளை.

"ஆளையா புடிக்கிறான்? நாகத்தைத்தானே புடிக்கிறான்" என்று விளக்கம் வேறு.

ஒன்பது வருஷமாயிற்று. வேளா வேளைக்குக் கருவாட்டைக் கொண்டுவந்து கொட்டினாளே தவிர, செவலையிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது வங்காளத்தில் சண்டை. நெரவியில் நாலு, கோட்டுச்சேரியில் இரண்டு என்று தீ கக்கத் தெரிந்த நாகங்களையெல்லாம் பட்டாளம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு நெடுங்காட்டு முறை.

"சீட்டு சரியா இருக்குங்க. உங்க நாகத்தை நாங்க தொட முடியாது," என்றார் அதிகாரி.

குஞ்சிதபாதம் சட்டையில்லாத மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். இரண்டு விலாவிலும் வரிசையாகப் பழைய தழும்புகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சைகோன் போனபோது கம்பிவேலி கிழித்தது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார்.

"சோமசேகரன் யாருங்க?"

சவாரிக்கு ஆள் பற்றவில்லையாம். நாகம் வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏறத் தெரியும் என்பதால், அவர்களை முதலில் எடுக்கச் சொல்லி உத்தரவாம். ஏறப்போவது வடக்கே எங்கேயோ பிடித்துக் கட்டிய, முன்பின் பார்த்தறியாத நாகத்தின் மேல். உடனே கிளம்ப வேண்டும். ஒரு போர்வை போதும்.

குஞ்சிதபாதத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

சோமசேகரன் வயலிலிருந்து வந்த சேற்றுக்காலோடு நின்றுகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம் திரும்பி, காலைக் கழுவிக்கொண்டு வரலாமா என்று கேட்டான்.

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு வெறி பிடித்தது.

"இப்பக் குளிர்ந்துச்சா உங்களுக்கு? நாகத்தைப் பொத்திப் பொத்தி வச்சிக்கிட்டு எம்புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டீங்களே! நல்லாருப்பீங்களா நீங்க?"

"அது எனக்குச் செஞ்சதுக்கு…" என்று ஆரம்பித்த குஞ்சிதபாதம் முடிக்கவில்லை.

பெரியநாயகி அதிகாரியின் கையிலிருந்து சீட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். நாலாகக் கிழித்தாள். ஆத்திரம் தீராமல் எட்டாகக் கிழித்தாள். அத்தனை துண்டையும் கருவாட்டுக் கூடையில் வீசினாள். செவலை அதையும் சேர்த்து விழுங்கியது.

"இப்ப அதுக்குச் சீட்டு இல்லை. அதையும் புடிச்சிக்கிட்டுப் போங்க. ஆனா எம்புள்ளை அது மேலதான் ஏறுவான், வேற எது மேலயும் ஏற மாட்டான். முதல்ல அதை எழுதுங்க!"

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஒரு நாகம் கூடுதலாகக் கிடைக்கிறதென்றால் கசக்குமா என்ன?

"அடியே, அது ஒரு தடவை வெந்து வந்தது போதாதா? பாவம்டி!" குஞ்சிதபாதத்தின் குரல் உடைந்துவிட்டது.

பாவமாம்! அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் போனாள். செவலை தலையைத் தூக்கியது. அதன் மூச்சு அனலாக முகத்தில் அடித்தது.

இப்படித்தான் அன்றைக்கும் அடித்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், சைகோனிலிருந்து பறந்து வந்து இதே வாசலில் இறங்கியது செவலை. ஒரு பக்கத்து இறக்கை வெந்து தொங்கியது. முதுகில் ஆள் இல்லை.

மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்ணை வாரி வாரி அதன் மேல் தூற்றினாள் அவள். என் தாலியை அறுத்துவிட்டு நீ மட்டும் எதற்கு வந்தாய் என்று வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அவள் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு, கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, மெதுவாக வாயைத் திறந்தது.

பெரியநாயகி செவலையின் மூக்குவளையத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்துக்கு நேராக இழுத்தாள்.

"ஏ செவலை, கேட்டுக்க. பல்லு பட்டாப் பட்டுட்டுப் போவுது. அப்பனைக் கொண்டாந்த மாதிரி இவனையும் கொண்டாந்து இந்த வாசல்ல போட்டுடணும்."