சந்துப் பக்க ஜன்னல்

"ஏம்மா, என் வீட்டுல மட்டும் எழுத்தை ஏன் இப்படிக் கோணலா எழுதி வச்சிருக்க?"

சௌந்தரபாண்டியன் போட்ட சத்தத்தில், வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இன்ஜினியர் குருசாமி ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடிவந்தார். கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டியதே அவர்தான். தொண்ணூற்றாறில் வீட்டு பிளானைக் கம்ப்யூட்டரில் போடுவது ராஜபாளையத்துக்குப் புதுசு. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

"கோணல் இல்ல அண்ணாச்சி, இடவலமா திரும்பியிருக்கு," என்றாள் ஜெயபாய். மதுரையில் ஆட்டோகேட் படித்துவிட்டு அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். "ஒரு வீட்டைத்தான் வரைவோம். மிரர்னு கொடுத்தா, கண்ணாடியில பாக்குற மாதிரி இன்னொரு வீட்டை அதுவே வரைஞ்சிரும். சில நேரம் எழுத்தும் சேந்து திரும்பிரும்."

ஒரு வரி தட்டினாள். மறுபடி மிரர் கொடுத்தாள். திரையில் எழுத்து நேராக நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சௌந்தரபாண்டியனின் அண்ணன் ராஜரத்தினம். இரண்டு பேருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனித்தனி இரும்புக்கடை. தங்கச்சி மகளுக்குத் தாய்மாமன் மாலையை முதலில் போடுவது யார் என்று ஆரம்பித்த சண்டை, கடையைப் பிரித்து, இப்போது வீட்டில் வந்து நிற்கிறது. அப்பா விட்டுப்போன ஒரே மனையில் இரண்டு வீடு, ஒன்றைவிட ஒன்று நூல் அளவும் பெரிதாக இருக்கக்கூடாது, நடுவில் ஒரு சந்து. முதல் நாளே இரண்டு பேரும் அடித்துச் சொன்ன நிபந்தனை, சந்துப் பக்கம் ஒரு ஓட்டை கூட இருக்கக்கூடாது.

ராஜரத்தினம் இருமினார். விடாமல் இருமினார்.

"ஏம்மா, அந்த ஏ.சி.யைக் குறை. எனக்குக் குளிருது," என்றார் சௌந்தரபாண்டியன். அவர் நெற்றியில் வேர்வை இன்னும் காயவில்லை.

இருமல் நின்றதும் ராஜரத்தினம் திரையில் விரலை வைத்தார். "இது என்ன, சந்துப் பக்கம் ஜன்னல்? ரெண்டு வீட்டுலயும் எதிரெதிரா நிக்குது?"

குருசாமி பதறிப்போய்த் திரையை எட்டிப் பார்த்தார்.

"சுவரும் ஜன்னலும் சேந்து ஒரே பிளாக் அண்ணாச்சி," என்றாள் ஜெயபாய், அலட்டிக்கொள்ளாமல். "ஜன்னலை அழிச்சா சுவரும் சேந்து போயிரும். ஒரு வீட்டுல இருந்தா இன்னொரு வீட்டுலயும் வந்துரும். கம்ப்யூட்டர் அப்படித்தான்."

குருசாமி வாயைத் திறக்கப் போனார். அதற்குள் ராஜரத்தினம் முந்திக்கொண்டார்.

"மிஷினே ஏலாதுன்னா நாம என்ன செய்ய? இருந்துட்டுப் போகுது. பிடிக்காத ஆளு வேணும்னா பொறவு செங்கல் வச்சு அடைச்சுக்கிடட்டும்."

"நான் எதுக்கு அடைக்கணும்? அவிய வேணும்னா அடைச்சுக்கிடச் சொல்லும்மா," என்றார் சௌந்தரபாண்டியன், ஜெயபாயைப் பார்த்து.

இரண்டு பேரும் பிளானில் கையெழுத்துப் போட்டார்கள். போகிற ஊர் ஒன்றுதான். ஆனாலும் தம்பி முதல் பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்று அண்ணன் டீக்கடையில் நின்றுவிட்டார். அப்படி ஒரு வீம்பு.

அவர்கள் தலை மறைந்ததும் குருசாமி பிடித்துக்கொண்டார்.

"பிளாக்கா இருந்தா என்னம்மா? எக்ஸ்ப்ளோட் அடிச்சா தனித்தனியா பிரிஞ்சிரும். ஜன்னலை மட்டும் தூக்கிட்டுச் சுவரை இழுத்து விட்டாப் போச்சு. எழுத்தைத் திருப்பத் தெரிஞ்ச உனக்கு இது தெரியாதா? சோம்பேறித்தனத்துக்குக் கம்ப்யூட்டர் மேல பழியைப் போடுறியா? நாளைக்கு விஷயம் தெரிஞ்சா என் பேர் என்னத்துக்கு ஆகும்? இனிமே நீ டிராயிங் போர்டுல பென்சில் பிடி. கம்ப்யூட்டரைத் தொடாதே."

சொல்லிவிட்டு, ஜன்னலைத் தானே அழிக்க மவுஸைப் பிடித்தார்.

"சார், அழிச்சிராதீங்க!" ஜெயபாய்க்கு அழுகை முட்டியது. "பெரியவரு போன வாரம் தனியா வந்தாரு சார். 'தம்பிக்கு ஏற்கெனவே ஒருக்கா நெஞ்சுவலி வந்துருக்கு. என்னமும்னா சத்தம் கேக்கணும்ல. எப்படியாச்சும் ஒரு ஜன்னலை வச்சிரு தாயி, நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாம்'னாரு."

குருசாமியின் கை மவுஸிலேயே நின்றது. அந்த மனுஷனா, என்று இருந்தது அவருக்கு.

"அதுசரி, ஆனா தம்பிக்காரர் விவரமான ஆளும்மா. நாளைக்கு எவன்கிட்டயாவது விசாரிச்சு, ஜன்னலை அழிக்க முடியும்னு தெரிஞ்சுட்டா? நம்மளை ஏமாத்திட்டாங்கன்னு இங்க வந்து குதிப்பாரே?"

"குதிக்க மாட்டாரு சார்," என்றாள் ஜெயபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "'அண்ணன் இருமுற சத்தம் கேக்காம எனக்கு உறக்கம் வராது தாயி. ஜன்னலை வச்சிட்டு, கம்ப்யூட்டர்ல அழிக்க ஏலாதுன்னு சொல்லிரு'ன்னு, பெரியவருக்கு முந்தியே வந்து நின்னது அவருதான்."