கதவுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

மனித குலம் இதுவரை செய்த பிழைகளிலேயே பெரியது, அப்பா படுக்கையறை சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் வைத்ததுதான். இதை மகன் கொஞ்சமும் சிரிக்காமல் அறிவிக்கிறான். "கைப்பிடி இருக்கற பக்கம்தாண்ணே சுவிட்ச் வரணும். எங்கப்பா வயரிங் பண்ணல, கண்ணாமூச்சி ஆடிட்டுப் போயிட்டாரு." எலக்ட்ரீசியன் பென்சிலைக் கடித்தபடி தலையாட்டுகிறார். கைப்பிடிப் பக்கத்து வெற்றுச் சுவரில் புது சுவிட்ச் பெட்டிக்குப் பென்சிலால் கட்டம் போட்டாயிற்று. கதவுக்குப் பின்னால், பழைய பெட்டியைப் பெயர்த்த பள்ளத்தில் செங்கல் தெரிகிறது. பள்ளத்தைச் சுற்றி, எத்தனை தடவை பெயின்ட் அடித்தும் திரும்பத் திரும்பப் படிந்த விரல் அழுக்கு, உள்ளங்கை அகலத்துக்கு மினுங்குகிறது. ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் தூசி கீழே இறங்க மனமில்லாமல் மிதக்கிறது. மெயினை அணைத்திருப்பதால் ஃபேன்கூட ஓய்ந்து கிடக்கிறது. அம்மா டீத் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். அவளுடைய மறு கை தன்பாட்டுக்குக் கதவுக்குப் பின்னால் போகிறது, பள்ளத்துக்குள் விரல் நுழைந்து நிற்கிறது. "உங்கப்பா போனத இந்தக் கைக்கு இன்னும் யாரும் சொல்லல போலிருக்குடா" என்று சிரிக்கிறாள். தட்டை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, புடவையில் தூசியைத் துடைத்தபடி போகிறாள். எலக்ட்ரீசியன் பென்சிலைத் தட்டருகே போட்டுவிட்டு, டிரில்லிங் மெஷின் எடுக்க வண்டிக்குப் போகிறார். மகன் கட்டைவிரலில் எச்சில் தொட்டுச் சுவரிலிருந்த கட்டத்தை அழிக்கிறான். டீ ஆறுகிறது. "தம்பி, எங்க போயிட்டீங்க?" என்று எலக்ட்ரீசியனின் குரல் அறைக்குள் வருகிறது. கதவுக்குப் பின்னால், அந்த அழுக்குக்கு நடுவே, மகன் சத்தமில்லாமல் புதுக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான்.