திறக்காத பாட்டில்

மாப்பிள்ளை பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, மூடியைத் திருகினார்.

மூடி அசைந்து கொடுக்கவில்லை.

"தினமும் ஜிம்முக்குப் போய் என்னதான் தூக்குறீங்க?" என்றாள் மகள், ரொட்டித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.

மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. மாமனார் வீட்டில், அதுவும் மாமனார் எதிரிலேயே, ஒரு ஜாம் பாட்டில் மானத்தை வாங்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மாமியாருக்கு அதைவிடச் சங்கடம். தப்பு அவளுடையது. வெளியே சொல்லவும் வழியில்லை.

இந்த வருடம் கொல்லைக் கொய்யா காய்த்துத் தள்ளிவிட்டது. தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று. அவள் பையும் கையுமாக வருவதைப் பார்த்தாலே எதிர்வீட்டுக்காரி தலைவலி என்று உள்ளே போய்விடுவாள். அணில்கள்கூட அலுத்துப்போய், பாதி கடித்துவிட்டுப் போட்டன.

மிச்சத்தை அவள் வேகவைத்து, மசித்து, விதையை வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் கிளறினாள்.

பாட்டிலை மூடுவது மட்டும் மாமனார் வேலை.

அவர் என்றால், லாரி ஷெட்டில் 'முடிச்சு' என்று பேர் வாங்கியவர். மூட்டை அடுக்கிய லாரிக்குத் தார்ப்பாய் போட்டு அவர் கயிறு கட்டினால், போகிற இடம் போய்ச் சேரும்வரை ஒரு மூலைகூடப் படபடக்காது. வலது பக்கம் வாதம் வந்து விழுந்ததிலிருந்து, அந்தக் கையால் சட்டைப் பொத்தானைப் போடவும் முடியவில்லை. கை வருமா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

அதனால்தான் மூடிகள்.

ஒவ்வொன்றையும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு திருகுவார். போதுமா பார் என்று நீட்டுவார். நன்றாக இறுகிவிட்டது என்று அவள் தலையாட்டுவாள்.

இறுகியிருக்காது.

அவர் குளிக்கப் போனதும், சூடு ஆறுவதற்குள் எல்லா மூடியையும் அவள் இன்னொரு தடவை இறுக்குவாள். இறுக்கியதற்கு அடையாளமாக மூடிமேல் ஒரு துணித்துண்டைப் போர்த்தி, கழுத்தில் நூல் கட்டிவிடுவாள். துணி எறும்புக்காக என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். காற்றுப் புகுந்தால் ஜாம் பூசணம் பிடிக்கும். விஷயம் தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார். இரண்டுக்கும் பயந்துதான் இந்தத் திருட்டு வேலை.

இந்தப் பாட்டிலை ஏதோ வேகத்தில் ரொம்பவே இறுக்கிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். 'நான் மூடினதுதான், கொடுங்க' என்று வாய்தவறிச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். அவர் அங்கேயேதான் உட்கார்ந்து, வழக்கம்போல இடது கையால் டம்ளரைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

துண்டைச் சுற்றித் திருகினார்கள். வெந்நீரில் கவிழ்த்து வைத்தார்கள். மகள் கரண்டிக் காம்பால் மூடியின் ஓரத்தைச் சுற்றித் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மாமியாரே வாங்கினாள். அவள் இறுக்கிய மூடி அவள் கைக்குத் திறக்காமல் போனதே இல்லை.

இது திறக்கவில்லை.

ஈரக் கையைத் துடைக்க எதையோ தேடியபோது, மேஜைமேல் கிடந்த துணித்துண்டு தட்டுப்பட்டது. நூல் அவிழவில்லை என்று மாப்பிள்ளை கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டது. முடிச்சு அப்படியே இருந்தது.

அவள் போடுவது சுருக்கு. ஒரு முனையை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

இது அது இல்லை. நூல் இரண்டு சுற்றுச் சுற்றி, தன்மேலேயே ஏறி, நடுவில் புகுந்து வெளியே வந்திருந்தது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. கொல்லையில் துணி காயப்போட அவர் கட்டிய கயிற்றில் இதே முடிச்சுதான். எந்தக் காற்றுக்கும் அது அவிழ்ந்ததில்லை. இரண்டு கையும் ஒத்துழைக்காமல் அதைப் போடவும் முடியாது.

அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு நூல் கட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் மகள் போன் செய்தாள். வாசலில் நின்று பேசிவிட்டு வந்து மிச்சத்தைக் கட்டினாள். ஒரு பாட்டிலுக்கு ஏற்கெனவே துணி கட்டியிருந்தது. தான் கட்டியதுதான் என்று அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

கை வந்துவிட்டது.

தெருவுக்கு ஓடிப்போய், எதிர்வீட்டுக்காரியைத் தலைவலியோடு எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"விடுங்க மாப்பிள்ளை. இது யாராலயும் முடியாது."

அதை அவ்வளவு பெருமையாகச் சொன்னதால் மகள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் கண்டுகொள்ளவில்லை. பாட்டிலைத் துடைத்து, கண்ணாடி அலமாரியில் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் வைத்தாள். வேறொரு பாட்டில் கொண்டுவந்தாள். நூல் ஒரே இழுப்பில் வந்தது. மூடி ஒரே திருகில் திறந்தது. மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. துணி எறும்புக்கு இல்லை என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ.

அவர் ஜன்னல் வழியாகக் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் துடித்தது.

அடுப்பில் அடுத்த பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. காலி பாட்டில்களையும் மூடிகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். துணித்துண்டுகளை வைத்தாள். நூல்கண்டையும் வைத்தாள்.

"இனிமே நீங்களே கட்டிடுங்க. எறும்பு வருது."

அவர் டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.