கட்டெறும்பு

"மொதல்ல மாத்திரையப் போடுடா, அப்புறம்..."

"போட்டா அவர் பேசறது நின்னுடும்மா!"

"யாருமில்லாத வீட்டுல யாருடா அந்த அவரு?"

ஒரு மாதமாக மகனுக்குக் குரல் கேட்கிறது. கர்ப்பத்தில் அம்மாவுக்கு வந்த விஷக்காய்ச்சலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதே காய்ச்சலில்தான், அவன் பிறக்கும் முன்பே, அப்பா போய்ச் சேர்ந்தார்.

"அப்படி என்னதான் சொல்லுது?"

"ஒரே பேச்சுதான். 'கட்டெறும்பே, உதைக்காதடி. அம்மா தூங்கட்டும்.' அடியாம்! நான் என்ன பொண்ணா?"

பெண்தான் பிறக்கும் என்று நம்பி, அவள் வயிற்றில் கைவைத்து அவர் தினமும் சொன்னது அது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கையிலிருந்த மாத்திரையை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"எனக்கு ஏதாவது சொல்றாரான்னு கேளேன்டா."