ஒளி கேட்ட குரல்

ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டே அணுக்கள் சேர்ந்த குட்டி மூலக்கூறு ஒன்று இருந்தது. உள்ளே ஒரே சூடு. அதைப் போன்ற மூலக்கூறுகளின் கூட்டத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டே பேசியதால், அது சொன்னது யாருக்கும் விளங்கியதில்லை. ஒருநாள் ஆய்வாளர்கள் குடுவையைக் கடுங்குளிராக்கினார்கள். ஓட்டம் தளரத் தளர மூலக்கூறுக்குப் பயம் வந்துவிட்டது.

“ஓடாவிட்டால் நான் இல்லாமலே போய்விடுவேனோ?”

“மாட்டாய். ஓடும்போதுதான் உன் குரல் கலங்கிவிடுகிறது. கொஞ்சம் நில், கேட்கிறேன்,” என்றது அப்போது குடுவைக்குள் பாய்ந்த லேசர் ஒளி.

மூலக்கூறு மனசில்லாமல் நின்றது. ஒளி தன் நிறத்தை மயிரிழை மயிரிழையாக மாற்றி, “இதுவா, இதுவா?” என்று கேட்டுக்கொண்டே வந்தது. ஒரு நிறம் பட்டதும் அதை அப்படியே விழுங்கிக்கொண்ட மூலக்கூறுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“இதுதான் நீயா?” என்றது ஒளி.

“இதுவும் நான்தான்,” என்றது மூலக்கூறு. “என்னிடம் இன்னும் நிறைய நிறங்கள் இருக்கின்றன. சொல்லட்டுமா?”