கடைசி அடியில் ஒரு பெயர்

மேடையில் அந்தப் பெண் மைக்கைப் பிடித்து, அடுத்தது இருநூறு வருஷத்துப் பாவுல் பாட்டு என்றாள்.

அது அவர் கட்டின பாட்டு.

கல்லூரி மைதானத்தின் கம்பிக் கதவருகே அந்த முதியவர் நின்றிருந்தார். கொல்கத்தாவின் டிசம்பர் வெயில். நன்றாகக் கேட்கட்டும் என்று குரங்குக் குல்லாவைக் கழற்றினார்.

"எழுதினது யாருன்னு கடைசி அடியிலேயே இருக்கு. தாரக் பாவுல்."

அவள் சொன்னதும் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல்களின் வழக்கம் அது. பாட்டைக் கட்டினவன் கடைசி அடியில் தன் பெயரை வைத்து முடிப்பான்.

அவரும் அப்படித்தான் முடித்தார். பெயரை மட்டும் மாற்றி வைத்தார்.

அவர் இளமையில் பாடிய குழுவின் டிரம்மர் தாரக். பாட வராது. தாளத்திலும் அரை மாத்திரை பிந்துவான். பாவுல் பாட்டுக்குக் கிடாரும் டிரம்மும் எதற்கு என்று ஊரே சிரித்த காலம். மேடைக்கு அழுகின தக்காளி வந்தால் குச்சியாலேயே அடித்துத் திருப்பி அனுப்புவான். அதில் மட்டும் பிந்தவே மாட்டான்.

ஆஸ்பத்திரியில் கிடந்தவனைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் அவன் பெயரைப் போட்டார்.

பாட்டைக் கட்டி முடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

பெயரை அவர் எடுக்கவில்லை.

பிறகு குழுவும் போயிற்று. ஒருவன் வங்கி வேலைக்கு, ஒருவன் டொராண்டோவுக்கு. இப்போது அவர்களும் இல்லை. பாட்டு மட்டும் எப்படியோ ரயிலில் பாடுகிறவர்கள் வாய்க்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

யார் பாட்டு என்று சொல்ல இனி அவர் ஒருவர்தான். சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. மேடைக்குப் பக்கவாட்டில் போய் நின்றார். இறங்கி வந்த பெண், பெரியவராயிற்றே என்று குனிந்து கால் தொட்டுக் கும்பிட்டாள்.

"அந்தப் பாட்டு..." என்று ஆரம்பித்தார்.

"தாரக் பாபா சமாதியைத் தேடிக்கிட்டு அடுத்த மாசம் நாங்க பாவுல்கள் நிறைஞ்ச பீர்பூம் பக்கம் போறோம், தாதூ. எந்த ஊர்ல இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

வாய் வரைக்கும் வந்த தன் பெயர் அங்கேயே நின்றது.

சொல்லிவிடலாம். பாட்டு வீடு திரும்பும். தாரக்குக்குத்தான் பிறகு ஒன்றுமே மிஞ்சாது.

"சமாதி எல்லாம் இல்லம்மா. இங்கயே, பேஹாலாவுல ஒரு சைக்கிள் கடை, அதுக்கு மேல அவன் ரூம். ஜன்னல் கட்டையில பள்ளம் இருக்கும் பாரு. அவன் குச்சியால தட்டித் தட்டியே விழுந்தது."

அவள் பக்கத்தில் நின்ற கிடார்காரனைப் பார்த்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி சைக்கிள் கடையா தாதூ?" என்றாள். குரலில் கேலி இல்லை. "வெயில்ல நின்னுட்டீங்க. டீ குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினார். குல்லாவை மாட்டிக்கொண்டார்.

கதவை எட்டும்போது பின்னால் ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.

நின்றார். குல்லாவை மறுபடி கழற்றினார்.

அதே பாட்டு. இந்தத் தடவை கடைசி அடியை அவள் பாடவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். மைதானம் முழுக்க அந்தப் பெயரைச் சொன்னது.

அவர் விரல் கம்பிக் கதவில் ஒரு தட்டு தட்டியது.

அரை மாத்திரை பிந்தி.