செய்யார் சிங்கம்

"எவன்டா நீ? ஆம்பளையா இருந்தா சொந்தப் பேர்ல வாடா."

முக்காலியில் நின்றிருந்த போனைப் பார்த்து அருள்ராஜ் கத்தினான்.

ஆரணி நெசவாளர் வீடுகளில் பட்டுச் சேலைகளை வாங்கி, தன் வீட்டு முன்னறையிலிருந்து நேரலையில் விற்பது அவன் தொழில். விற்பனைதான் இன்னும் தொடங்கியபாடில்லை. ஆளில்லாத போனிடம் பேசிப் பேசி அலுத்து, போன வாரம் முக்காலியை மடக்கிப் பரண்மேல் போட்டுவிட்டான். அன்றைக்குத்தான் பழைய வீடியோ ஒன்றின் அடியில் 'செய்யார் சிங்கம்' என்று ஒரு ஆள் எழுதியது: 'கடையை மூடிட்டியா? எனக்கு அப்பவே தெரியும்.'

முக்காலி அந்த நிமிடமே கீழே இறங்கியது.

இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது சிங்கம் மட்டும்தான். எழுதியிருந்தது, 'இது பட்டா, கொசுவலையா?'

கொடியில் விரித்த சேலைக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்து அடுத்த சேலையைப் பிரித்துக் கொடுப்பது மனைவி கண்ணகியின் வேலை. நேரலை முடிந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"எவனோ இன்னாத்தையோ சொல்லிகினு போறான். உங்களுக்கு இன்னா பேஜாரு? ஆடி பொறந்தா கம்பெனி பஸ் ஏறப்போறீங்க. அதுக்கு சட்டையை இஸ்திரி போட்டு வைக்கவா?"

அவனே சொன்னதுதான் அது. ஆடிக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் செய்யாரில் ஷிப்டு வேலைக்குப் போய்விடுவதாக மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். இப்போது அதை அவள் நினைவுபடுத்தியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

"அவன் வாயை மூடாம நான் கடையை மூட மாட்டேன்."

மறுநாள் கேமரா முன் சேலையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினான். கருகியதை விரலில் வைத்துத் தேய்த்துப் பொடியாக்கிக் காட்டினான். முடி கருகும் நாற்றம் அடித்தால் அசல் பட்டு, அந்த நாற்றத்தைப் போனில் எப்படிடா அனுப்புவேன் என்று திட்டினான்.

சிங்கம் அடங்கவில்லை. சாயம் போகும் என்றது. முந்தானையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, வெள்ளைத் துண்டில் ஒற்றிக் காட்டினான். நீளம் குறையும் என்றது. வாசல் வரை விரித்து அளந்து காட்டினான்.

சேலையைப் பார்க்க வராதவர்கள் சண்டையைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாண வீடு முகூர்த்தச் சேலைக்கே அவனிடம் ஆர்டர் சொன்னது.

ஆடி பிறந்தது. கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அருள்ராஜ் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் கோபம் மட்டும் தணியவில்லை. சிங்கத்தை ஒருநாள் நேரில் பிடித்து, பட்டுச் சேலையாலேயே தூணில் கட்டிவைக்கப் போவதாகக் கண்ணகியிடம் தினமும் சொன்னான். அவளும் தினமும் தலையாட்டினாள்.

அன்றைய நேரலையில் மாம்பழ நிறச் சேலை ஒன்றைக் கொடியில் விரித்து, அதில் நெய்த பூப் புட்டாக்களைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தான். சிங்கம் வந்தது.

'முன்னாடி பளபளன்னுதான் இருக்கு. பின்னாடி புட்டா நூலை வெட்டாம பிசிறு தொங்குதே. அதையும் சேர்த்தா விக்கிற?'

அருள்ராஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "பொய்யா மட்டும் இருக்கட்டும், இப்பவே செய்யாருக்குக் கிளம்பி வரேன்டா" என்று சேலையைச் சடாரென்று ஒதுக்கினான்.

பின்பக்கம் பிசிறு தொங்கியது.

கேமரா இருந்தது முன்பக்கம். பின்பக்கத்தை அவன் இன்னும் யாருக்குமே காட்டவில்லை.

சேலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கண்ணகி, கையிலிருந்த போனை மடியில் கவிழ்த்துவிட்டுக் கத்தரிக்கோலை நீட்டினாள்.

"ஜல்தி வெட்டுங்க. சிங்கம் பாத்துகினு இருக்குது."